அபியின் இன்னொரு காது

என் மகள் அபிக்கு ஒரு காதில்தான் தோடு இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் இன்னொன்றைத் தொலைத்துவிட்டோமா என்று கேட்கிறார்கள். தொலைக்கவில்லை. அந்தக் காதை இன்னும் குத்தவே இல்லை.

கோட்டையூரில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட், ஆதார் திருத்தம், மனு எல்லாம் என்னிடம்தான் வரும். என் தம்பி மருதுபாண்டி பையன்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, ஏசி ரூம், சாப்பாடு கம்பெனியே போடும் என்பான். போன வருஷம் வைரவன் ஆசாரியின் மகன் சரவணக்குமார் அப்படிக் கிளம்பினான். டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பையன்.

எனக்கும் என் தம்பிக்கும் காது குத்தியவர் வைரவண்ணன்தான். எங்கள் வீட்டில் பொன் வேலை என்றால் அவர்தான். பாஸ்போர்ட்டுக்கு மகனைக் கூட்டிவந்த அன்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நம்பி அனுப்பலாமா தாயி?"

"என் கூடப் பொறந்தவன்ண்ணே. நான் இருக்கேன்ல" என்றேன்.

என்ன வேலை, எந்தக் கம்பெனி என்று நான் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனாலும் வாய் கூசாமல் சொன்னேன். விண்ணப்பத்தையும் என் கையால்தான் டைப் அடித்தேன்.

பையன் போய் ஒரு மாதம் தினமும் பேசினான். பிறகு போன் அணைந்துபோனது. தை மாதம் யாருடைய போனிலிருந்தோ இரண்டு நிமிஷம் பேசினான். தாய்லாந்தில் இறக்கி, காரில் ஏற்றி, ஒரு ஆற்றைத் தாண்டி பர்மாவுக்குள் கொண்டுபோய்விட்டார்களாம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பதினாறு மணி நேரம் உட்கார்ந்து, பொம்பளை மாதிரி மெசேஜ் அனுப்பி முகம் தெரியாதவர்களை ஏமாற்ற வேண்டும். யாரும் சிக்காத நாளில் சோறு கிடையாது, கரண்ட் வைப்பார்கள். இடத்தின் பேர்கூடத் தெரியவில்லை, பாண்டி அண்ணனிடம் கேளுங்கள் என்று சொல்லும்போதே லைன் அறுந்துவிட்டது.

தம்பியைக் கேட்டால், அவன் அங்கே நன்றாக இருக்கிறான், வீட்டு நினைப்பில் உளறுகிறான் என்றான். வைரவண்ணன் போலீசில் புகார் கொடுக்க முடிவு செய்தார். அதை டைப் அடிக்கவும் என்னிடம்தானே வந்தாக வேண்டும்! வந்தார்.

அபியின் காதுகுத்துக்கு அப்போது பதினொரு நாள் இருந்தது. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், எனக்கு இருப்பது ஒரே தம்பி. புகார் போனால் அவன் எங்கே வருவான்?

"விசேஷம் முடியட்டும்ண்ணே. அவன் வரட்டும், நானே கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"சரி தாயி. குத்துறதும் நாந்தானே" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். பதினொரு நாள்தானே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

அமராவதிபுதூர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் விசேஷம். தம்பி சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினான். பலகையில் உட்கார்ந்து அபியை மடியில் வைத்துக்கொண்டு, தன் போனைத் திறந்து என் கையில் கொடுத்தான். அதில் வீடியோ நன்றாக விழுமாம். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை அழுதது. வைரவண்ணன் தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வலது காதைக் குத்தித் தோட்டை மாட்டினார்.

அப்போதுதான் திரையின் மேலே ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. 'அடுத்த ரெண்டு பேர் எப்ப வர்றாங்க? அந்தக் கோட்டையூர்ப் பையன் அடங்கவே மாட்டேன்னுட்டான்.'

அதைத் திறந்து மேலே தள்ளினேன். பையன்களின் பாஸ்போர்ட் படங்கள் வரிசையாக இருந்தன. ஆட்களை இறக்கிவிட வேண்டிய இடத்தின் மேப்பும் இருந்தது.

"அண்ணே, நிறுத்துங்க" என்றேன். "சரவணன் இருக்கிற எடம் இதுல இருக்கு."

ஊசி அவர் கையிலேயே நின்றுவிட்டது. தம்பி போனைக் கேட்டுக் கையை நீட்டினான். மடியில் பிள்ளை திமிறிக்கொண்டிருந்ததால் அவனால் எழ முடியவில்லை. சபையில் வைத்துக் கூடப்பிறந்தவனை அசிங்கப்படுத்துகிறாயே என்று அம்மா என்னை ஏசினாள்.

"எம்பிள்ளை இவன் மடியில இருக்கும்மா. வைரவண்ணன் பிள்ளைய எங்குட்டு வச்சிருக்கான்னு கேளு" என்றேன்.

அம்மா கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் அழகுராஜா, பிள்ளையை வாங்கிக்கொள்ளச் சொல்லி என் மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போய் வண்டியை எடுத்தார். வைரவண்ணனும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். ஸ்டேஷனில் போனை ஒப்படைத்தோம். புகாரில் அவர் கையெழுத்துப் போட்டார், சாட்சியாக நான் போட்டேன். அதற்குள் கோயிலிலிருந்து நழுவிவிட்ட தம்பியை மூன்றாம் நாள் திருச்சியில் பிடித்தார்கள். இன்னும் உள்ளேதான் இருக்கிறான். அம்மா என்னோடு பேசுவதில்லை.

அந்த மேப்பை வைத்துத் தூதரகம் வரைக்கும் போய், பங்குனியில் ஏழு பையன்கள் ஊர் திரும்பினார்கள். சரவணக்குமார் வரவில்லை. காதுகுத்துக்கு நாலு நாள் முன்னால் அவனை மட்டும் வேறு எங்கோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதாக அந்தப் பையன்கள் சொன்னார்கள். நான் பொறுக்கச் சொன்ன அன்றைக்கு அவன் அங்கேயேதான் இருந்திருக்கிறான்.

இப்போது வெளிநாட்டு வேலை என்று யார் வந்தாலும், வேலை விசாவா, டூரிஸ்ட் விசாவா, ஏஜென்ட்டுக்கு அரசாங்கப் பதிவு இருக்கிறதா என்று கேட்காமல் நான் கீபோர்டில் கை வைப்பதில்லை. ஏஜென்ட் சொந்தக்காரன் என்றால் இரண்டு தடவை கேட்கிறேன். சில பேர் கோபித்துக்கொண்டு சாக்கோட்டையில் இருக்கிற வேறு சென்டருக்குப் போய்விடுகிறார்கள். போகிறவர்களிடமும் இந்தக் கதையைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

திங்கள்கிழமைதோறும் வைரவண்ணன் வருகிறார். கலெக்டருக்கும் தூதரகத்துக்கும் மனு அடித்துக் கொடுக்கிறேன். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கிறது. அபியின் இன்னொரு தோட்டைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

"பய வந்துரட்டும் தாயி. அவன் மடியில வச்சு அந்தக் காதையும் குத்திருவோம்" என்கிறார்.

பதினொரு நாள் பொறுக்கச் சொன்னவள் நான். இன்னும் எத்தனை நாள் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.