காளைக்கு ஆகாத இருமல்

தன் காளை ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறது என்று தெரிந்த அன்று பொங்கியண்ணன் காங்கேயம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். காளை முழுசாகப் போகவில்லை. அதன் முதுகைத் தேய்க்கும்போது உதிர்கிற முடியும் பொடுகும் மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் போயிற்று. ஆனால் அவர் சொன்ன தோரணையைப் பார்த்தால், டாக்டர்களெல்லாம் வரிசையில் நின்று காளைக்கு மாலை போட்டுவிட்டதாகவே தோன்றும்.

அந்தப் பையைக் கேட்டு வாங்கியவள் டாக்டர் சாஜிதா பேகம். தொண்ணூற்றாறாம் வருஷம். துடியலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு வரும் அலர்ஜியைப் பற்றி அவள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இழுப்பு வந்த பிள்ளைகளின் கையில் வீட்டுத் தூசி, பூந்தூள், கரப்பான் என்று ஒவ்வொன்றின் சாற்றிலும் ஒரு சொட்டு வைத்து, மேலாக ஊசியால் குத்தி, எந்த இடம் தடிக்கிறது என்று பார்ப்பாள். மாட்டுப் பொடுகின் சாறு வெளிநாட்டிலிருந்து வந்தது. அந்தச் சீமை மாட்டின் பொடுகும் காங்கேயம் மாட்டின் பொடுகும் ஒன்றாகிவிடுமா என்று அவளுக்குச் சந்தேகம். நல்ல உள்ளூர்க் காளையாக ஒன்று வேண்டும் என்று விசாரித்ததில், எல்லாரும் கை காட்டியது பொங்கியண்ணனின் பொலிகாளையைத்தான். சுற்றுவட்டாரத்துப் பசுக்களுக்கெல்லாம் அதுதான் மாப்பிள்ளை.

பையைக் கொடுத்த கையோடு அவர் சொன்னார்: “நம்ம பையனுக்குங்கூட இழுப்பு இருக்குதுங்க டாக்டரம்மா. வேணும்னா அவனையும் கூட்டியாரட்டுங்களா?”

கொசுறு கொடுப்பது போலத்தான் சொன்னார். சாஜிதாவுக்கு அப்போது அது உறைக்கவில்லை.

பையன் பெயர் தீபக். மூன்றாம் வகுப்பு. கழுத்து நரம்பு தெரிகிற ஒல்லி. அம்மா சென்னியம்மாளின் முந்தானையைப் பிடித்தபடி வந்து, கேட்பதற்கு முன்பே கையை நீட்டினான். தூசி வைத்த இடம் சும்மா கிடந்தது. கரப்பான் வைத்த இடமும் சும்மா கிடந்தது. அப்பாவின் காளை வைத்த இடம் மட்டும் நாலணா அகலத்துக்குத் தடித்துச் சிவந்தது.

பொங்கியண்ணன் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களாங்க நம்ம காளையோட வேகத்த! ஒரு சொட்டுக்கே இந்தப் போடு போடுது!”

இப்படியும் ஒரு தகப்பன் உண்டா என்று சாஜிதா திகைத்துப் போனாள். ஆனாலும் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அந்தப் பொடுகு மூச்சில் கலந்துதான் பையனுக்கு இழுக்கிறது. காளை இருக்கிற இடத்தில் அவன் படுக்கவும் கூடாது, விளையாடவும் கூடாது. காளையை விற்றுவிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. சாஜிதா பேகம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு விவசாயியிடம் மாட்டை விற்கச் சொன்னால் பேச்சு எந்தப் பக்கம் திரும்பும் என்று கோட்டைமேட்டுத் துணிக்கடை பீர் முகம்மதுவின் மகளான அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காளையைக் கட்டுகிற கட்டுத்தறியை வீட்டை விட்டுத் தள்ளிப் போடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

“ஆகட்டுங்க டாக்டரம்மா. நாளைக்கே செஞ்சுபோடறனுங்க.”

அடுத்த தடவையும் ஆகட்டுங்க என்றார். அதற்கடுத்த தடவையும் அப்படியே. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது மரியாதை இல்லை என்று நினைக்கிற சீமை இது. சாஜிதாவும் அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்தான். அப்படியிருந்தும் நம்பினாள். எருமை மாட்டின் மேல் பெய்த மழை என்பார்கள். இது காளை மாட்டுக்காரர் மேல் பெய்த மழை.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் தீபக்கை வாடகை வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. ஊசி போட்டு, முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடித்து, பையன் ஒரு வார்த்தை பேசுவதற்குள் சாஜிதாவுக்கே மூச்சு முட்டிவிட்டது.

அவள் திரும்பிப் பார்த்தபோது, பொங்கியண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மகனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டு முழுக்கச் சாம்பல் நிற முடி. காளையைத் தேய்த்துவிட்டு அதே துண்டோடு வந்திருக்கிறார். அந்த முடி பையனின் எச்சிலில் ஒட்டிக்கொண்டு உதட்டோரம் நெளிந்தது. சாஜிதா அந்தத் துண்டைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

அவர் கோபப்படவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பணிவாகக் கேட்டார்: “ஏனுங்க டாக்டரம்மா, இன்னும் நேரமாகுமுங்களா? பொழுதோட போயி காளையத் தேய்க்கோணுமுங்க. ஒரு நாள் உட்டாலும் அது மூஞ்சியத் திருப்பிக்கும்.”

பையன் வீடு திரும்பிய வாரமே சாஜிதா காங்கேயத்துக்கு பஸ் ஏறினாள். கட்டுத்தறியைத் தள்ளிப் போட்டார்களா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

தள்ளிப் போடவில்லை. கட்டுத்தறி வீட்டுச் சுவரை ஒட்டியே இருந்தது. கழுவிவிட்ட சிமெண்டுத் தரை, மேலே மின்விசிறி, நாலு பக்கமும் கொசுவலை. நடுவில் காளை ராஜா மாதிரி நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு நேரே ஒரு கம்பி ஜன்னல். ஜன்னலுக்கு உள்பக்கம், கம்பியை ஒட்டி, தீபக்கின் கட்டில். காளை மூச்சு விட்டால் அவன் தலையணையில் படும். தலையணை உறையில் பஞ்சு பிசிறியது போல முடி படிந்திருந்தது. அந்த அறைக்கு விசிறி இல்லை.

“அந்தக் கோடியில ஒரு ரூம் பூட்டிக் கெடக்குதே, அது என்னங்க்கா?” என்று சென்னியம்மாளிடம் கேட்டாள்.

“காளைக்குப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை வெக்கிற ரூமுங்க. நனைஞ்சுபோனா ஆகாதுங்களே.” சென்னியம்மாள் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நானும் எத்தனையோ சொல்லிப் பாத்துட்டனுங்க டாக்டரம்மா. காளை எடம் மாறுனா எளைச்சுப்போகுமாமுங்க. பையனையாச்சும் அக்கட்டால படுக்கப் போடுறனேன்னா அதுக்கும் உடலீங்க. காளை எதுக்காச்சும் மிரண்டா, எந்திரிச்சு அப்பாவக் கூப்புட அங்க ஒரு ஆளு வேணுமாமுங்க.”

சாஜிதா அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையைக் காளைக்குக் காவல் போட்டிருக்கிறான் மனுஷன். இத்தனை மாதமாக அவள் சொன்ன பொடுகும் அலர்ஜியும் இந்த வீட்டு வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. சீ என்று இருந்தது. அந்தக் காளை மேல் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. அது பாவம், முடி உதிர்க்கிறது. அவ்வளவுதான்.

பொங்கியண்ணன் டீயோடு வந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டபோதுதான் அவள் வாயில் அந்த வார்த்தை வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. வயிற்றெரிச்சலில் வந்தது.

“ஏனுங்ணா, காளை இருமுதுங்களா?”

அவர் முகம் ஒரு நொடியில் வெளிறிவிட்டது. “இல்லீங்களே! ஏனுங்க?”

“இல்ல, பையன் இந்த ஜன்னல்கிட்ட படுத்து இருமறான். சின்னப் பிள்ளைங்க இருமல் காளைக்கு ஆகாதுங்க. தொத்துச்சுன்னா எளைச்சுப்போகும். அப்பறம் பொலிக்கும் ஒதவாது.”

அப்பட்டமான பொய். படித்த படிப்பில் எந்த மூலையிலும் இல்லாத பொய். அவர் ஆகட்டுங்க என்று சொல்லவில்லை. அவளுடைய டீ ஆறுவதற்குள் கட்டில் வெளியே போயிற்று. தலையணை போயிற்று, பாய் போயிற்று, பள்ளிக்கூடப் பை போயிற்று. எல்லாம் தோட்டத்தின் மறு கோடியில், தென்னைகளுக்கு நடுவே சும்மா கிடந்த சாளைக் குடிசைக்கு. சென்னியம்மாளும் பையனோடு அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த நிமிஷமே உத்தரவு. ஜன்னலைப் பலகை வைத்து அடிக்கிற சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்டது. பையனுக்காக ஒரு முளைக்குச்சியைக்கூட அசைக்காத மனுஷன், காளைக்காக வீட்டையே புரட்டிவிட்டான். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதும் சாஜிதாவின் வாயில் அந்த டீ கசந்துகொண்டே வந்தது.

ஆனால் பொய் பலித்தது. தை முடிந்து அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தீபக்கின் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கழுத்து நரம்பு தெரியவில்லை. மூச்சின் பலத்தை அளக்கிற குழாயைக் கொடுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஊதினான். முள் ஓடிப்போய், அவன் வயசுப் பிள்ளை எட்ட வேண்டிய இடத்தில் நின்றது. சாஜிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நல்ல வேளைங்க டாக்டரம்மா, சமயத்துல சொன்னீங்க,” என்று பொங்கியண்ணன் வாசற்படியில் நின்றபடியே கும்பிட்டார். “இல்லீன்னா என்ற காளை என்ன கதிக்கு ஆயிருக்கும்னு நெனச்சாலே பகீர்ங்குதுங்க.”

அவருக்குப் பதில் சொல்லப் பிடிக்காமல் அவள் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துப் பையனை அருகே இழுத்தாள். அவன் சட்டென்று முகத்தைத் திருப்பி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

“கைய எடு கண்ணு.”

“வேண்டாமுங்க டாக்டரம்மா. என்ற மூச்சு பட்டா சீக்கு வந்துருமுங்க.”

சென்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். “எப்பவும் இப்படித்தானுங்க இருக்கறான். பள்ளிக்கூடத்துலயும் ஆருகூடவும் ஒக்காரமாட்டங்கறானாமுங்க. மாட்டுப் பொங்கலன்னைக்கி வேலிக்கு வெளியவே நின்னு பாத்துட்டு வந்துட்டானுங்க. நான் பக்கத்துல படுத்தாலும் அந்தப் பக்கமாத் திரும்பிக்கறானுங்க.”

சாஜிதாவுக்கு மறுபடியும் சீ என்று இருந்தது. இந்தத் தடவை அந்தச் சீ பொங்கியண்ணனுக்கு இல்லை, அவளுக்கே. உன் மூச்சில் ஒன்றும் இல்லடா கண்ணு, உனக்குத்தான் அந்தக் காளை ஆகாது, நான் சொன்னது பொய் என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. வாசற்படியில் அவர் நின்றுகொண்டிருந்தார். இங்கே அதைச் சொன்னால் இன்றைக்குப் பொழுதோடு அந்தக் கட்டில் ஜன்னலடிக்குத் திரும்பி வந்துவிடும்.

அவள் மண்டிபோட்டு, தன் முகத்தை அவன் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். பொத்தியிருந்த கைகளை மெதுவாக விலக்கினாள்.

“என் மூஞ்சில ஊது கண்ணு. எனக்கு ஒண்ணும் ஆகாது. நல்லா ஊது.”

“தள்ளி இருங்க டாக்டரம்மா,” என்றார் பின்னாலிருந்து பொங்கியண்ணன், அக்கறையாக.

தீபக் அப்பாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு உதட்டை இறுக மூடிக்கொண்டான். கன்னம் உப்பியது, முகம் சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது. அவள் பொய் சொல்லி வாங்கிக் கொடுத்த மூச்சை, அவள் மேல் பட்டுவிடக் கூடாது என்று அவன் உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டிருந்தான்.