நகரபிதாவின் சுற்றுவட்டம்

எக்கார்ட் என்ற அந்த ஜேர்மன்காரர், மலையடிவாரத்துச் சின்ன நகரம் ஒன்றுக்கு இருபத்திரண்டு வருசம் நகரபிதாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இவ்வளவு காலத்தில் அவர் சாதித்தவை வீதிச் சந்திகளில் இரண்டு சுற்றுவட்டங்கள், நீச்சல் குளத்துக்கு ஒரு கூரை, வாகனத் தரிப்பிடமெல்லாம் காசு பிடுங்கும் இயந்திரங்கள். இதை நான்கு பக்கத்துக்குத் தட்டெழுதி அனுப்பியிருந்தார். முப்பத்தொரு வயதில் கட்சி மாறியதை 'மனச்சாட்சியின் முடிவு' என்று எழுதியிருந்தார். மாறின அடுத்த மாதமே தேர்தலில் வென்றிருந்தார். மனுசனின் மனச்சாட்சிக்கு நாள் பார்க்கவும் தெரிந்திருக்கிறது என்று சிவரூபி நினைத்தாள்.

அந்த நான்கு பக்கத்தையும் வாழ்த்துமடலாக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. வெளிநாட்டு விருந்தாளிக்கு மாலை, பொன்னாடை, சட்டம் போட்ட வாழ்த்துமடல் மூன்றும் இல்லாவிட்டால் ஊரின் மானம் போய்விடும் என்பது குடிநீர்ச் சங்கத் தலைவர் ஜனார்த்தனனின் கொள்கை. சிவரூபி பதினொரு வருசம் ஜேர்மனியில் இருந்தவள். அகதி விண்ணப்பத்தை நிராகரித்துத் திருப்பி அனுப்பிய பிறகு தர்மபுரம் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். அங்கே கடைசி நான்கு வருசமும் ஒரு நகரசபைக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்தவள். நகரபிதாக்களை அவர்களின் மேடைப் பேச்சைவிடக் குப்பைக்கூடையை வைத்து நன்றாக அறிவாள். ஆனாலும் எழுதினாள். காசு பிடுங்கும் இயந்திரங்கள் 'நவீன நகரின் சிற்பி' என்ற வரிக்குள் அடங்கிப்போயின.

எக்கார்ட்டின் நகரத்தார் சேர்த்து அனுப்பிய உதவியில்தான் ஊரில் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம் எழும்பியிருந்தது. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக் குடித்து எத்தனையோ பேருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்ட இடம் அது. ஆனால் உறுப்பினர் அட்டை உள்ளவர்களுக்குத்தான் தண்ணீர், காணி உறுதிப் பத்திரம் உள்ளவர்களுக்குத்தான் அட்டை என்று சங்கக் கூட்டத்தில் ஒருமனதாகக் கைதூக்கித் தீர்மானித்தார்கள். ஊரில் காணி உறுதி இல்லாதவர்கள் யார்? மலையகத்திலிருந்து வந்து நாற்பது வருசமாகக் காடு வெட்டி, வயல் செய்து, மற்றவர்களின் தோட்டத்தில் கூலிக்கு நின்ற முப்பத்திரண்டு குடும்பங்கள். அதில் வடிவம்மாவின் புருசனுக்கு இரண்டு சிறுநீரகமும் அரைவாசி போய்விட்டன. சுத்திகரித்த தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லி மூன்று மாதம். அவள் ஜனார்த்தனனின் கேற்றடியில் நின்று கெஞ்சாத நாளில்லை.

திறப்பு விழாவன்று காலை கிளிநொச்சியில் எக்கார்ட்டை வாகனத்தில் ஏற்றியதுமே சிவரூபி இதையெல்லாம் ஜேர்மன் மொழியில் ஒன்றுவிடாமல் சொன்னாள். முன் சீற்றில் இருந்த ஜனார்த்தனன் எல்லாம் தன் புகழ் என்று எண்ணித் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"எல்லா ஊரிலும் இப்படிச் சில்லறைத் தகராறு இருக்கும்," என்றார் எக்கார்ட். "இருபத்திரண்டு வருடம் பார்த்துவிட்டேன். நான் தலையிடுவதில்லை. என் வாழ்க்கை வரலாற்றின் கடைசி அத்தியாயத்துக்கு, குழாயடியில் நிற்கிற படம் ஒன்று வேண்டும். வெளிச்சம் நன்றாக இருக்குமா?"

சிவரூபிக்குப் பற்றி எரிந்தது. இந்த ஆள் ஒரு சொல் சொன்னால் வடிவம்மா வீட்டுக்குத் தண்ணீர் போகும். அந்த ஒரு சொல்லுக்கும் இவருக்கு வாய் வரவில்லை.

"என்னவாம்?" என்றார் ஜனார்த்தனன்.

"வெயில் எப்பிடியெண்டு கேக்கிறார்."

நிலைய வாசலில் குத்துவிளக்கின் ஐந்து திரியையும் ஏற்ற ஒன்பது பெரிய மனிதர்கள் முண்டியடித்து, ஒருவழியாக விளக்கு எரிந்தது. மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது. கம்பி வேலிக்கு வெளியே முப்பத்திரண்டு குடும்பத்துப் பெண்களும் வெறும் தண்ணீர்க் கான்களோடு வேடிக்கை பார்த்தார்கள். அழைப்பில்லாதவர்களுக்குக் கதிரையும் இல்லை. எக்கார்ட் ஒலிவாங்கியைப் பிடித்து, தன் முதலாவது சுற்றுவட்டத்தை எவ்வளவு எதிர்ப்புக்கு நடுவில் கட்டினார் என்று தொடங்கினார். சிவரூபி இரண்டு வசனம் ஒழுங்காக மொழிபெயர்த்தாள். மூன்றாவதில் வடிவம்மாவின் கானைப் பார்த்துவிட்டாள்.

"நகரபிதா சொல்லுறார், இது காணி உறுதி கேட்டுக் குடுக்கிற தண்ணி இல்லையாம்."

கூட்டம் நிமிர்ந்தது. எக்கார்ட் இரண்டாவது சுற்றுவட்டத்துக்குப் போனார்.

"வேலிக்கு வெளியில நிக்கிற முப்பத்திரண்டு குடும்பத்துக்கும் தலைவர் இப்பவே தன்ர கையால அட்டை குடுப்பாராம். அவை தண்ணி பிடிக்கிறதைப் பாத்திட்டுத்தான் தான் படம் எடுப்பாராம்."

வேலிக்கு வெளியே எழுந்த கைதட்டு உள்ளேயும் பரவியது. வெள்ளைக்காரன் சொன்னதென்றால் நம்மவர்களுக்கு எதுவும் நியாயம்தான். சுற்றுவட்டத்துக்குத் தன் சொந்த நகரத்திலேயே கிடைக்காத கைதட்டு இது என்று எக்கார்ட் கண்ணைத் துடைத்தார்.

ஜனார்த்தனன் அவள் காதருகில் குனிந்தார். "உண்மையா அப்பிடியே சொன்னவர்?"

"பக்கத்திலதானே நிக்கிறார். கேட்டுப் பாருங்கோ."

எதைக் கொண்டு கேட்பது? ஜனார்த்தனனின் ஆங்கிலம் 'வெல்கம்' என்பதோடு முடிந்துவிடும். ஜேர்மனிக்குக் கடிதமெல்லாம் தானே எழுதுவதாக ஊரில் வேறு அளந்து வைத்திருந்தார். கிராம சேவகர் பார்த்திருக்க, செயலாளர் மேசை போட்டுப் பெயர்களைப் பதிந்தார். ஜனார்த்தனன் பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகமாக முப்பத்திரண்டு அட்டையையும் கொடுத்து முடித்தார்.

முதல் கான் வடிவம்மாவுடையது. எக்கார்ட் அவளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். சிவரூபி கானின் மறுபக்கத்தைப் பிடித்து அவளோடு கேற்றுவரை நடந்தாள். ஜேர்மன் நகரபிதாவையும் உள்ளூர்த் தலைவரையும் ஒரே நாளில் மடக்கிய நினைப்பில் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"எங்கிருந்தோ வந்த மனுசனுக்கு எரக்கம் வந்திச்சு பாத்தீங்களா தங்கச்சி," என்றாள் வடிவம்மா. "எங்களுக்கு அட்டை இல்லைன்னு முடிவு பண்ணின அந்தக் கூட்டத்துல நீங்களும் கைய தூக்கினீங்கன்னு சொன்னாங்க. நான் நம்பலீங்க."

தையல் கடை இருக்கிற கட்டடம் ஜனார்த்தனனுடையது. அந்தக் கூட்டத்தில் அவர் திரும்பிப் பார்த்ததும் கை தானாக மேலே போனது.

"தூக்கினனான் அக்கா," என்றாள் சிவரூபி.

வடிவம்மா நின்றாள். கானைக் கீழே வைத்தாள். சிவரூபி பிடித்திருந்த பக்கத்திலிருந்து அவள் விரல்களை மெதுவாக எடுத்துவிட்டு, முழுக் கானையும் தனியே இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.