அல்பேட் துவக்குக்குக் குறி வாங்கிய வரலாறு

2009ஆம் ஆண்டு மே மாதம் பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, அல்பேட்டின் வலது கண் டொரன்டோவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வவுனியாவைப் பார்க்கத் தொடங்கியது. இடது கண் வழக்கம்போல அஜின்கோர்ட் வீட்டுச் சமையலறையையும் கேத்திலையும் மனைவி கிளடிஸையும் பார்த்தது. வலது கண்ணில் பின்னேர வெயில் அடித்தது. அங்கே மணி நாலு. வரிசை வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள், எல்லாம் சவர்க்கார நுரைக்குள்ளால் பார்த்ததுபோல் கலங்கித் தெரிந்தன. சற்று நேரத்தில் கண்ணுக்குக் கிட்ட ஒரு கை வந்தது. சுட்டுவிரலில் நகம் இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடக் கதவில் நசுங்கிய அந்த விரல் அவருடைய தங்கை தவமணியின் விரல். ஜனவரிக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. முதல்நாள்தான் யுத்தம் முடிந்துவிட்டதென்று அறிவித்திருந்தார்கள். தங்கை எதைப் பார்க்கிறாளோ அதைத் தன் கண் பார்க்கிறது என்பதும், பார்க்கிற ஆள் உயிரோடுதான் இருக்கவேண்டும் என்பதும் அல்பேட்டுக்கு உடனே விளங்கிவிட்டது. யுத்தத்தை நிறுத்தச் சொல்லி மாதக்கணக்காகப் பதாகை பிடித்துத் தெருவில் நின்ற மனிதர் தேத்தண்ணிக் கோப்பையோடு நிலத்தில் இருந்து அழுதார். கர்த்தருக்கு நன்றி சொன்ன கையோடு கிளடிஸ் காரியத்துக்கு வந்தார்.

"அழுதது காணும். அவள் எங்க நிக்கிறாளெண்டு பாருங்கோ."

அதுதான் முடியாமல் இருந்தது. கண் டாக்டர் ஒரு பழுதும் இல்லையென்று சொட்டுமருந்து கொடுத்து அனுப்பினார். பழுது தவமணியின் கண்ணில். பத்து வயதிலிருந்து அவளுக்குத் தூரப்பார்வை குறைவு. கண்ணாடி எங்கோ ஓடுகிற வழியில் விழுந்திருக்க வேண்டும். கூடாரங்களில் கறுப்பு மையால் இலக்கம் எழுதியிருந்தது, ஆனால் அது வெறும் கறைபோல் தெரிந்தது. யுத்தத்தில் தப்பியவர்களை அடைத்து வைத்திருந்த முகாம்களுக்குள் போய்வர அனுமதி பெற்றிருந்த மன்னார்ப் பாதிரியார் அருள்நாயகம் சுவாமி தொலைபேசியில் பொறுமையாகத்தான் சொன்னார்: "நம்பர் தெரிஞ்சா நாளைக்கே போறன் அல்பேட். நம்பரில்லாம இவ்வளவு சனத்துக்குள்ள நான் எங்க தேடுறது?" இதற்கிடையில் தவமணி குனிந்து பார்க்கும்போதெல்லாம் அவளுடைய கணுக்காலில் சுற்றியிருந்த துணி நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை அல்பேட் பிக்கரிங்கில் இருந்த ஒரு துவக்குக் கடைக்குப் போனார். தன் துவக்குக்குப் புதுக் குறி போட முன்பே சொல்லிவைத்த நாள் அது. துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவர் கனடாவில் துவக்கு வாங்கியதைக் கிளடிஸ் பதினொரு வருடமாக மன்னிக்கவில்லை, ஆனால் மான் இறைச்சிக் கறியை ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதுமில்லை. பிடிக்குக் கீழேயுள்ள வளையத்தை இழுத்துக் குண்டேற்றும் பழைய மாதிரி வேட்டைத் துவக்கு அது. ஐம்பத்திரண்டு வயதில் குறிபார்ப்பதற்கு அதன் பின்பக்கம் இருக்கும் பின்குறியின் பள்ளம் கண்ணுக்குத் தெளியாமல் போனதால், சென்ற நவம்பரில் ஒரு நல்ல மான் தப்பிவிட்டது. கடையை நடத்திய ஹெலன் என்ற வெள்ளைக்கார விதவை துவக்கை மேசை இடுக்கியில் பூட்டி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, குறிகளைப் பரப்பினார். பள்ளத்தை விட்டுவிட்டு, சின்ன ஓட்டைக்குள்ளால் பார்க்கும் துளைக்குறி போடச் சொன்னார். துளை சிறுத்தால் பார்வை கூர்மையாகும், வெளிச்சம் குறையும். பெருத்தால் வெளிச்சம் வரும், கூர்மை போகும். உனக்கு எது வேண்டுமென்று நீதான் தெரிவு செய்யவேண்டும் என்றார்.

அல்பேட் வலது கண்ணைத் துளையில் வைத்தார். அங்கே இரவு ஏழரை. ஒரு மஞ்சள் மங்கல் சுருங்கி மின்குமிழானது. அதற்கு முன்னால் முட்கம்பி ஓடியது. முட்களை எண்ணலாம் போலிருந்தது. பிக்கரிங்கில் இருக்கும் துளை வவுனியாவில் இருக்கும் கண்ணுக்கு எப்படி உதவும் என்று கேட்பவர்களுக்கு இந்த வரலாற்றில் பதில் இல்லை. உதவியது. அல்பேட் விஷயத்தைச் சொன்னதும் ஹெலன் கேட்ட ஒரே கேள்வி, அங்கே வெளிச்சம் எத்தனை மணிவரை என்பதுதான். மறுநாளிலிருந்து பத்து மணிக்குத் திறக்கும் கடையை ஏழு மணிக்குத் திறந்தார். அல்பேட் உட்கார முக்காலி போட்டார், கோப்பி வைத்தார்.

மூன்று நாட்கள் தவமணி நிலத்தையும் சட்டியையும்தான் பார்த்தாள். நாலாம் நாள் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். திரும்பினாள், தன் கூடாரத்தை நேரே பார்த்தாள். நாலு இலக்கங்களில் மூன்றைத்தான் அல்பேட் வாசித்தார். குழல் நுனியில் முன்குறியாக இருந்த பித்தளை மணி கடைசி இலக்கத்தை மறைத்துவிட்டது. ஹெலன் அந்த மணியைத் தட்டிக் கழற்றி, ஊசிபோல் மெலிந்த ஒரு முள்ளைப் பூட்டினார். அங்கே பொழுது சாய்கிறதென்று துளையையும் ஒரு அளவு பெருப்பித்தார். அந்த நடுத்தரத் துளையும் மெல்லிய முள்ளும் இன்றைக்கும் அந்தத் துவக்கில் இருக்கின்றன. பொழுது மங்க ஐந்து நிமிடம் இருக்கையில் தவமணி மறுபடி கூடாரப் பக்கம் திரும்பினாள். கடைசி இலக்கம் ஏழு.

சுவாமி மறுநாளே போனார். அதற்கடுத்த நாள் காலை, பல் துலக்கிக்கொண்டு நின்ற அல்பேட்டின் வலது கண் ஒரு துளையும் இல்லாமல் பளிச்சென்று தெளிந்தது. சுவாமியின் முகம், அவருக்குப் பின்னால் மரத்தின் ஒவ்வொரு இலை, பிறகு கணுக்காலில் வெள்ளை வெளேரென்று புதுக் கட்டு. யாரோ தானமாகக் கொடுத்த கண்ணாடி தவமணிக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

சற்று நேரத்தில் அவள் சுவாமியின் கைத்தொலைபேசியில் பேசினாள். "அண்ணை, என்ர வலது கண் அங்கதான் இருக்குது. உங்கட வீடு, அண்ணியின்ர சமையல், அந்தத் துவக்குக் கடை எல்லாம் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். எனக்கு மட்டும்தான் இப்பிடி எண்டு நினைச்சன். கடுதாசியில 'நம்பரைப் பார்' எண்டு ஒரு வரி எழுதிக் கண்ணுக்கு முன்னால பிடிச்சிருந்தா, முதல்நாளே பாத்திருப்பனே." அல்பேட்டுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கடைக்கார அம்மாவுக்குத் தானே நன்றி சொல்லவேண்டும் என்றும் அவள் சொன்னாள். நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஏழு மணிக்கு அல்பேட் கடையில் ஹெலனுக்கு எதிரே அசையாமல் நின்றார். வலது கண்ணில், கிட்டத்தில், தவமணியின் இரண்டு கைகளும் கூப்பியிருந்தன. என் தங்கை உங்களைக் கும்பிடுகிறாள் என்று அவர் இங்கிலீசில் சொன்னார். ஹெலன் தலைமயிரை ஒதுக்கிச் சரிசெய்துகொண்டு, கிட்ட வந்து, அல்பேட்டை விட்டுவிட்டு அவருடைய வலது கண்ணை மட்டும் பார்த்து, "கணுக்காலைக் கவனமாகப் பார்த்துக்கொள்" என்றார்.