மூன்று தரம் கேட்டான்

…மூன்று தரம் கேட்டானாம். ஒரு தரமில்லை, இரண்டு தரமில்லை, மூன்று தரம், மூன்று தரமும் இவள் "நல்லம்" என்றாளாம், அதனால்தான் வேலை இல்லையாம். மதவாச்சி தாண்டியதும், முன் சீற்றில் இருந்தபடி, திரும்பிக்கூடப் பாராமல், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோல இதைச் சொல்லிவிட்டு டொக்டர் கிளாரா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது ஈரப்பெரியகுளம் சோதனைச் சாவடி வரிசையில் முன்னுக்குப் பன்னிரண்டு லொறி, மேலே வெயில் தகரத்தைக் காய்ச்சுகிறது, பின் சீற்றில் பயணப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி பேச்சியம்மா கொதித்துக்கொண்டிருந்தாள். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே, பேச்சி, கொழும்பில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற அந்த மார்க்கோ தன் சாப்பாட்டில் பிழை பிடிக்கத் தெரிந்த ஆளைத் தேடுகிறான், வாயைத் திறந்து சொல் என்று ஒரு வார்த்தை… கொழும்புக்குப் போகும்போது பகல் முழுக்க இதே வாகனத்தில்தானே ஓடினோம், அனுராதபுரத்தில் தேத்தண்ணி குடித்தோமே, புத்தளம் தாண்டித் தென்னந்தோட்டங்களைப் பார்த்து உங்கள் ஊர்க் கதையெல்லாம் சொன்னீர்களே, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வாயில் இடமில்லாமல் போயிற்றா? "உங்களுக்கு முதலே சொல்ல வேண்டாம் எண்டு மார்க்கோ சொன்னவர், பேச்சி," என்றார் டொக்டர், முன்னுக்கிருந்தபடியே. அவர் சொன்னால் சரியா, அவர் உங்கள் ஊரவர், நான் யார், நாலு வருசம் உங்களுக்குப் பொங்கிப் போட்டவள்… எல்லாம் நெஞ்சுக்குள்தான். வாய் மட்டும் "ஓம் டொக்டர்" என்று பணிவாகச் சொல்லிற்று. இந்த வாயை என்ன செய்தால் தகும்.

பாஸ் இன்றைக்குப் பின்னேரம் ஆறு மணியோடு முடிகிறது. முகாமை விட்டு வெளியே போய்வர மூன்று நாள் பாஸ், அதற்கே டொக்டர் எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார். ஆறு மணிக்குப் பிறகு பேச்சியம்மா திரும்பவும் முகாம்காரி, கிளிநொச்சியிலிருந்து தொண்ணூற்றாறில் ஓடி வந்து வவுனியாவில் அடைபட்டவள், சீலையால் மறித்த பத்தடி இடத்துக்குச் சொந்தக்காரி. இன்னும் இரண்டு மாதத்தில் டொக்டரின் வெளிநாட்டு நிவாரண நிறுவனம் வவுனியா வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறது, கட்டில், அலுமாரி, மருந்துப் பெட்டி எல்லாவற்றுக்கும் போகிற இடம் எழுதியாயிற்று, குசினிக்காரிக்கு மட்டும் எழுதவில்லை. அதற்குத்தான் இந்தக் கொழும்புப் பயணம். அந்தக் கடையில் வேலை என்று தலைப்புப் போட்ட ஒரு கடிதம், கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவு போதும், நீண்ட பாஸ் கிடைக்கும், அவளுக்கும் கிடைக்கும், பன்னிரண்டு வயது மகள் சிவரூபிக்கும் கிடைக்கும். கடைக்குப் பின்னால் வேலைக்காரருக்கு அறை இருக்கிறதாம், யன்னல் வைத்த அறை. பிள்ளை முகாம் வாசல்வரைக்கும் வந்து நின்றாள், "அம்மா, கடிதத்தை மடிக்காமக் கொண்டு வாங்கோ," அதற்கென்று பழைய கொப்பி மட்டை ஒன்றைத் தந்துவிட்டாள், அது இப்போதும் பைக்குள் கிடக்கிறது, நடுவில் ஒன்றுமில்லாமல். என்ன சொல்வது அவளிடம்? சாப்பாடு நல்லாயிருக்கு என்று சொன்னேன் மகள், அதற்காக வேலை தரவில்லை என்றா? ஆர் நம்புவான். தகப்பன் இருந்தால் அவனே நம்பமாட்டான், மலேரியாக் காய்ச்சலில் கண் மூடும்போதும் பகிடி விட்டவன், இதைக் கேட்டால் சிரித்தே இன்னொரு தரம் செத்துப்போவான்.

நல்லாவா இருந்தது? நாசமாய்ப் போன சாப்பாடு. வெள்ளை விரிப்பாம், ஒரு ஆளுக்கு நாலு கிளாசாம், மெழுகுதிரியாம், ஒருத்தன் பின்னாலிருந்து கதிரையை இழுத்துவிட விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் பாதிக் கதிரையில்தான் இருந்தாள். முதலில் சூப், அதில் உப்பைக் கொட்டி, கொட்டினது தெரியாமலிருக்கப் பிறகு தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள், நாக்கில் வைத்ததுமே தெரிந்தது. அந்த மார்க்கோ வந்தான், நெடிய மனுசன், வெள்ளைச் சேட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி ஏதோ கேட்டான், டொக்டர் தமிழில் திருப்பினார், "எப்பிடி இருக்கு எண்டு கேக்கிறார்." நல்லம். அடுத்தது நியோக்கி, உருளைக்கிழங்கை அவித்து மசித்து மாவோடு குழைத்து உருட்டுகிற அந்தச் சின்ன உருண்டை… ஐயோ, அதைக் கண்டதும் அவளுக்கு வயிறு எரிந்தது. மாவை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள், கிழங்கு ஆறின பிறகு மசித்திருக்கிறார்கள், பல்லில் பசையாய் ஒட்டிற்று, உருண்டையில் ஒரு வரி கிடையாது, மொழுமொழு என்று கிடந்தால் தக்காளிக் குழம்பு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும், எல்லாம் வழுக்கித் தட்டின் அடியில் குளமாய் நின்றது. திரும்பவும் வந்தான். நல்லம். கடைசியில் மீன், இரணைமடுக் குளத்தில் புருசன் பிடித்துத் துள்ளத் துள்ளக் கொண்டுவந்த மீனை ஆய்ந்தவளுக்கு முன்னால் ஐஸில் எத்தனை நாள் கிடந்ததென்று தெரியாத மீன், முள்ளுக்கரண்டி பட்டதும் மாவாய் உதிர்ந்தது, மேலே ஒரு எலுமிச்சைத் துண்டு, மணத்தை மறைக்க. அதையும் விழுங்கினாள், ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. மூன்றாம் தரம் அவன் கதிரையை இழுத்துப்போட்டு எதிரிலேயே இருந்து கேட்டான், கண்ணைப் பார்த்துக் கேட்டான், இப்போது நினைத்தால் கெஞ்சின மாதிரிக்கூட இருக்கிறது… அவள் சிரித்துக்கொண்டு, "சரியான நல்லம், வயிறு நிறைஞ்சிட்டு" என்றாள். அவன் எழும்பிக் கை குலுக்கிவிட்டுப் போய்விட்டான். கை குலுக்கினதும் வேலை கிடைத்துவிட்டதென்று நினைத்தாளே, அந்த மடைச்சியை எங்கே கொண்டுபோய் முட்டுவது.

அவள் நினைத்துப் போனது வேறு. கூப்பிட்டால் குசினிக்குள் விடுவார்கள், சமைத்துக் காட்டு என்பார்கள், அப்படித்தானே எங்கேயும் சமையல்காரியைப் பார்ப்பார்கள்? அதற்காகத்தான் பைக்குள் துணி சுற்றி அரிசி புடைக்கிற சின்னச் சுளகைக் கொண்டுபோனாள். நாலு வருசத்துக்கு முதல் டொக்டர் குசினியில் நின்று நியோக்கி பழக்கினபோது, எங்கள் ஊரில் இதை உருட்டிவிட வரி வெட்டின பலகை இருக்கு, இங்கே இல்லை என்று கவலைப்பட்டார். பேச்சியம்மா ஒரு நிமிசம் யோசித்தாள், மூலையில் கிடந்த சுளகைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்து, பெருவிரலால் ஒரு உருண்டையை அதன்மேல் அழுத்தி இழுத்துவிட்டாள், ஓலைப் பின்னலின் வரி அப்படியே உருண்டையில் ஏறிற்று. டொக்டர் குழந்தைப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார், படம் எடுத்தார், தாய்க்கு அனுப்பினார். அன்றையிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் நியோக்கி, தட்டு வழித்துத் துடைத்துத் திரும்பி வரும், "எப்பிடி டொக்டர்?" என்றால் "நல்லம், பேச்சி, சரியான நல்லம்" என்று வரும், அந்தச் சொல்லையே பேச்சியம்மாதான் பழக்கிக் கொடுத்தாள். அந்த வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர, காலையில் டொக்டரின் அறையைக் கூட்டும்போது குப்பைக் கூடைக்குள் சிவப்புப் பிசுக்கோத்துக் கடதாசி கிடக்கும், தூள் சிந்தி எறும்பு வரிசை கட்டும். இரவிரவாய்க் கண் விழித்து எழுதுகிற மனுசி, பசிக்கும்தானே என்று முணுமுணுத்தபடி எறும்புக்கு மஞ்சள்தூள் தூவிவிடுவாள்.

வரிசை ஒரு லொறி அளவு நகர்ந்தது. சாரதி இளையதம்பி கண்ணாடியில் அவளைப் பார்த்து, "என்ன பேச்சி, முகம் அடுப்பு மாதிரிக் கிடக்கு? தண்ணி வேணுமோ?" என்றான். "ஒண்டுமில்லையண்ணை." ஒன்றுமில்லையாம், இதுவும் அதே வாய்தான். அம்மா பழக்கிவிட்ட வாய். அம்மா தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாக் குசினியில் நின்றவள், எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டுக் கிளிநொச்சிப் பாரதிபுரத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தபோதும் பங்களா ஒழுக்கத்தை விடவில்லை. "அடுத்தவங்க வீட்டுல கைய நனைச்சா மூஞ்ச சுளிக்காம சாப்புட்டு, நல்லாருக்குன்னு சொல்லிட்டு எந்திரிக்கணும், வெளங்குதா புள்ள?" விளங்கிற்று, நன்றாக விளங்கிற்று, ஓடிவந்து ஏறின பள்ளிக்கூடங்களில் எல்லாம் புளித்த கஞ்சிக்கும் நல்லம், முகாமில் புழுத்த பருப்புக்கும் நல்லம். போட்டவனின் முகத்துக்கு நேரே உன் சூப் தண்ணி, உன் மீன் நாற்றம் என்று சொல்கிறவளுக்குத்தான் வேலை தருவார்களாம், அது என்ன தேசம், அது என்ன மரியாதை? சரி, சொல்லத் தெரியாமலா இருந்தேன்? எத்தனை பிழை, எந்த இடத்தில், எப்படித் திருத்துவது, எல்லாம் நாக்கின் நுனியில் நின்றதே… கேட்டவன் தன் சாப்பாட்டைப் பற்றித்தானே கேட்டான், அவனிடம் பொய் சொன்னது அவன் மனம் நோகக்கூடாதென்றா, இல்லை வேலை கிடைக்கவேண்டுமென்றா? இரண்டும்தான், இரண்டும் ஒன்றாய்க் குழைந்து, எது கிழங்கு எது மாவென்று தெரியாமல். நேற்று இரவு தங்கின அறைக்குத் திரும்பியதும் கதவைப் பூட்டிவிட்டுப் பைக்குள் இருந்த பணிஸ் ரொட்டி இரண்டை எடுத்து, வவுனியாவில் வாங்கினது, காய்ந்து போயிருந்தது, கட்டில் ஓரத்தில் குந்தி இரண்டையும் தின்றாள். வயிறு நிறைந்துவிட்டது என்று சொன்ன வயிறு. கடதாசியைச் சின்னதாய் மடித்துக் குப்பைக் கூடையின் அடியில் செருகினாள், டொக்டர் கண்டால் என்ன நினைப்பார்.

இறங்கச் சொன்னார்கள். ஆட்கள் ஒரு பக்கம், பைகள் மேசையில். இளம் ஆமிக்காரன் ஒருத்தன் அவள் பையைக் கவிழ்த்தான், சீலை, சீப்பு, ஒன்றுமில்லாத கொப்பி மட்டை, பிறகு துணிச்சுற்றை அவிழ்த்துச் சுளகை எடுத்தான், முன்னும் பின்னும் திருப்பினான், சிங்களத்தில் என்ன இது என்று கேட்டான். அரிசி புடைக்கிறது என்று கையால் காட்டினாள். கொழும்புக்குப் போய் வருகிற மனுசி அரிசி புடைக்கிற சுளகை ஏன் கொண்டு திரிகிறாள் என்று அவனுக்குச் சிரிப்பு, பக்கத்தில் நின்றவனுக்கும் காட்டிச் சிரித்தான். சிரி, நன்றாய்ச் சிரி. அடுத்தது டொக்டரின் பை, வெள்ளைக்காரி என்றபடியால் கவிழ்க்காமல் ஒவ்வொன்றாய் எடுத்து மேசையில் வைத்தான், புத்தகம், டோர்ச், மருந்து, பாதி தின்று ரப்பர் வளையம் போட்டுக் கட்டின பிசுக்கோத்துப் பக்கற். சிவப்புக் கடதாசி. பேச்சியம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று அந்தக் கடையில் டொக்டரும் தட்டை வழித்துத்தான் சாப்பிட்டார். அதே மீனை. அதே நியோக்கியை. மார்க்கோவிடம் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்… அதற்குப் பிறகு அறைக்குப் போய்… இதே சிவப்புக் கடதாசி, வவுனியாக் குப்பைக் கூடைக்குள், நியோக்கி வைத்த நாட்களின் மறுநாளா? எல்லா நாளுமா? எறும்பு வந்தது எந்தக் கிழமைகளில்? நினைத்துப் பார்த்தாள், நினைக்கக் கூடாதென்றும் நினைத்தாள், காலுக்குக் கீழே தார் இளகிக்கொண்டிருந்தது. நாலு வருசம். நல்லம், பேச்சி, சரியான நல்லம். அப்படியென்றால் மார்க்கோவிடம் என்னைக் கொண்டுபோனது கைப்பக்குவத்துக்காகவா, சீலை மறைப்புக்குள் இருக்கிற ஒரு பிள்ளைக்காகவா?

டொக்டர் பையை அடுக்கிக்கொண்டு அவள் பக்கம் வந்தார். கோபம் போயிருந்தது அவர் முகத்தில், சமாதானமாகப் பேசுகிற முகம். "பேச்சி, இண்டைக்கு நியோக்கி செய்வமா? உங்கட சுளகில." கேட்கலாமா? கேட்காமல் விட்டால் ஆறு மணிக்கு முகாமுக்குப் போய்ப் பிள்ளையிடம் என்ன சொல்ல, உன் அம்மா நல்ல சமையல்காரி, வாய்தான் சரியில்லை என்று சொல்லலாம், அந்த ஒன்றாவது மிச்சமிருக்கும். கேட்டால் அதுவும் போகலாம். பேச்சியம்மா சுளகைத் துணியில் சுற்றாமலே கையில் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தரமாக ஒரு ஆளின் கண்ணை நேரே பார்த்துக் கேட்டாள்.

"டொக்டர், நான் கோவிக்க மாட்டன். உண்மையைச் சொல்லுங்கோ. என்ர நியோக்கி எப்பிடி?"

"நல்லம்," என்றார் கிளாரா, உடனே, சிரித்துக்கொண்டு. "சரியான நல்லம்."

நேற்று அவள் மார்க்கோவுக்குச் சொன்ன அதே வேகம். இளையதம்பி வாகனத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்திக் கோர்ன் அடித்தான், தடை மரம் உயர்ந்தது, பின்னால் லொறிக்காரன் கத்தினான். அவள் ஏறி உட்கார்ந்து சுளகை மடியில் கவிழ்த்து வைத்தாள். இரண்டாம் தரமும் கேட்கவேண்டும். மூன்றாம் தரமும். மூன்று தரம் கேட்டு மூன்று தரமும் இதே பதில் வந்தால், பிறகு ஒரு மனுசன் என்னதான் செய்வான், எழும்பிக் கை குலுக்கிவிட்டுப் போவதைத் தவிர?