லோப்புவின் சாட்சியம்

லிஸ்பன் மீன்துறையில் வியோலாந்தி மத்தி மீன்களின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தபோது லோப்பு வந்து நின்றான்.

"கெளம்புங்க அண்ணி. சாமி காத்துக்கிட்டிருப்பாரு."

அவள் கையைக் கழுவினாள். எத்தனை முறை கழுவினாலும் விரலிடுக்கில் செதில் ஒட்டியே இருக்கும். "மொளகு நாட்டுக்கு ஒரு தடவ போயிட்டு வந்துட்டா, நீ இந்த நாத்தத்துல நிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் கணவன் பஸ்தியாவ் இந்தியக் கப்பலேறி நான்கு வருஷங்கள் ஆகிவிட்டன. திரும்பும் வழியில் அந்தக் கப்பல் புயலில் மூழ்கிப்போனது. அவனோடு அதே கப்பலில் போய், காய்ச்சலில் படுத்துக் கொச்சியிலேயே தங்கிவிட்டதால் பிழைத்தவன் லோப்பு. போன வாரம்தான் வேறொரு கப்பலில் வந்து இறங்கியிருந்தான். பஸ்தியாவ் போகும் வழியிலேயே நோயில் செத்துவிட்டதாகச் சொன்னான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அதையே பங்குச்சாமியார் முன் சத்தியமாகச் சொன்னால் போதும், அவள் மறுமணம் செய்துகொள்ளலாம். கயிறு திரிக்கும் சிமாவ் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தான். அவள் வயிற்றில் அவன் பிள்ளைக்கு நான்கு மாதம். பாவாடையை உயர்த்திக் கட்டி அக்கம்பக்கத்துக் கண்களிலிருந்து இதுவரை தப்பித்துவிட்டாள்.

கோயிலுக்கு ஏறும் சந்தில், பாதி வழியில் லோப்பு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, ஒங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பஸ்தியாவ் செத்ததை நான் பாக்கல."

ஆப்பிரிக்காவைச் சுற்றும்போது முப்பது பேருக்கு ஈறு வீங்கிக் கால் கறுத்துவிட்டது. ஆளில்லாத ஒரு தீவில் அவர்களை இறக்கி, வேறு இடத்தில் தண்ணீர் பிடித்துவந்து திரும்ப ஏற்றிக்கொள்வதாகக் கப்பல் தலைவன் சொன்னான். படகில் துடுப்புப் போட்டவர்களில் லோப்புவும் ஒருவன். பஸ்தியாவைத் தூக்கிவந்து மணலில் உட்கார வைத்தவனும் அவன்தான். மூன்றாம் நாள் கப்பல் திரும்பியபோது இந்தியாவுக்குத் தோதான காற்று எழுந்துவிட்டது. அதைத் தவறவிட்டால் ஒரு வருஷம் வீண். கப்பலை நிறுத்தத் தலைவன் பாயை இறக்கவில்லை.

"கரையில பொகை தெரிஞ்சுது. நெருப்பு மூட்டிக் கூப்பிட்டாங்க. நாங்க பாத்துக்கிட்டே போயிட்டோம்."

"எவ்வளவு நேரம் தெரிஞ்சுது?"

"பொழுது சாயற வரைக்கும்."

"நீங்க எதுவும் கேக்கலியா?"

"கேட்டவன பாய்மரத்துல கட்டி அடிச்சாங்க. அதுக்கப்புறம் யாரும் கேக்கல. நானும் கேக்கல." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நீங்க சொல்றபடி செய்யறேன் அண்ணி. உள்ள போயி செத்துட்டான்னு சொல்லச் சொன்னாலும் சொல்றேன். தெரியாதுன்னு சொல்லச் சொன்னாலும் சொல்றேன்."

மேலே கோயில் மணி அடித்தது. வியோலாந்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினாள்.

வயதான சாமியாருக்குக் காது மந்தம். சிலுவையை நீட்டி, லோப்புவின் கையை அதன்மேல் வைத்தார்.

"அவன் செத்ததைக் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் சாமி."

"கடைசி நேரத்துல பக்கத்துல யாரு இருந்தா? கண்ண மூடுனது யாரு?"

லோப்பு சிலுவையையே பார்த்தான். சாமியார் காதைக் குவித்துக்கொண்டு குனிந்தார். வியோலாந்திக்கு அந்த மணல் தெரிந்தது. அதில் முதுகு கூனி உட்கார்ந்து கடலையே பார்க்கும் ஒருவன் தெரிந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க லோப்பு," என்றாள். "நீங்கதான மூடுனீங்க?"

அவன் அவளைப் பார்த்தான். "ஆமா சாமி. நான்தான் மூடுனேன்."

சாமியார் பஸ்தியாவின் ஆன்மாவுக்காக ஒரு ஜெபம் சொன்னார். இருவரும் முழங்காலிட்டுக் கேட்டார்கள்.

இருவரும் சந்து வழியே இறங்கி வந்தார்கள். ஆற்றங்கரைக்கு வந்ததும் லோப்பு சொன்னான்: "வர்ற பங்குனியில மறுபடி கப்பலேறுறேன் அண்ணி."

"இவ்வளவுக்கு அப்புறமுமா?"

"இங்க இருக்க முடியல. அந்தத் தீவுப் பக்கம் போனா கரையோரமா பாத்துக்கிட்டே போவேன்."

"பாத்து?"

அவன் கூட்டத்துக்குள் நடந்து மறைந்தான்.

படித்துறையின் மறுகோடியில் சிமாவ் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தான். அவள் கூப்பிடாமல் கிட்டே வரத் தயங்கி, கையை மட்டும் லேசாக உயர்த்தினான். அவள் போகவுமில்லை, கூப்பிடவுமில்லை. கடல் நீர் ஆற்றுக்குள் ஏறும் நேரம். கீழ்ப்படியை மூடிய தண்ணீர் அடுத்த படியைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது.