அம்மா விழுங்கிய சொல்

"நீயே ஆரம்பிச்சிடு. எனக்கு ரெண்டாவது மணியிலேயே அழுகை வந்துடும்" என்று அண்ணன் அம்மாவின் ஜெபமாலையைச் சின்னவளின் கையில் திணித்தான். அம்மா போய் இன்றோடு முப்பது நாள். கூடத்துக் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு வாடகை நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். கோயில்காரர்கள், அடுத்த வீட்டார், அம்மாவோடு வேலை பார்த்த நான்கு பெண்கள் என்று இருபது பேருக்கு மேல். சின்னவள் தையல் கடையில் அளவெடுக்கும்போது மட்டும் வாயைத் திறப்பவள். இன்று அவளுக்கு வேறொரு பயமும் இருந்தது.

அம்மா முப்பது வருடம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். ஒரு விரிப்புக்கு மூன்று 'அருள் நிறைந்த மரியே'. மேற்பார்வையாளர் வந்து அவசரப்படுத்தினால் ஜெபம்தான் வேகமாகும். இஸ்திரிப்பெட்டி அதன் போக்கில் போகும். ஆனால் அந்த ஜெபத்தில் "இப்பொழுதும்" என்றதும் அடுத்து வரும் "எங்கள் மரண நேரத்திலும்" என்பதை மட்டும் விழுங்கிவிடுவாள். நோயாளி படுக்கப்போகிற விரிப்புக்குள் அந்தச் சொல்லையும் வைத்து மடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. பிள்ளைகள் அப்படியே படித்தார்கள், பிறகு பேத்தியும். கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் புதுநன்மை வகுப்பில் பேத்தி மாட்டிக்கொண்டதும், பாடமெடுத்த சிஸ்டர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மிச்ச ஜெபத்த எங்கம்மா விட்டுட்டு வந்தீங்க?"

"எங்கயும் விடல சிஸ்டர். மாதா ஒரு பிள்ளையப் பெத்து வளர்த்தவங்கதானே? வாய்விட்டுச் சொல்லாததும் அவங்களுக்கு வெளங்கும்."

சிஸ்டரே சிரித்துவிட்டாராம். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கடைசி நாளில் அம்மாவின் பக்கத்தில் இருந்தவள் சின்னவள் ஒருத்திதான். அம்மாவின் உதடுகள் அசைந்தன. இவள் சத்தமாகச் சொன்னாள், அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே. சற்று நேரத்தில் மூச்சு நின்றது. அந்த நேரத்துக்கென்று வைத்திருக்கும் சொல்லை அந்த நேரத்தில்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டோமே! ஊரார் படுக்கைக்கெல்லாம் துணை கேட்டவளுக்குத் துணை கேட்க ஆளில்லாமல் போயிற்றே! முப்பது நாளாக இது அவளை அரித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இன்று முழுசாகச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தாள்.

முதல் மணியைப் பிடித்து முதல் பாதியைச் சொன்னாள். மறுபாதியைக் கூடம் எடுத்துக்கொண்டது. அவளும் சேர்ந்து சொன்னாள். "இப்பொழுதும்" வரை வந்தாள். நாக்கு கேட்கவில்லை, பழகின தடத்திலேயே ஓடி "வேண்டிக்கொள்ளும், ஆமென்" என்று போய் நின்றது. அண்ணனும் அண்ணியும் அதே நேரத்தில் ஆமென் சொன்னார்கள். சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். சலவைக்கூடத்துப் பெண்கள் நான்கு பேரும்கூடச் சொல்லி முடித்து வாய்மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

மற்றவர்கள் அப்போதுதான் அந்தச் சொல்லுக்கு வந்திருந்தார்கள். கோயில்காரர்களின் கனத்த குரலில், நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாக அது அம்மாவின் கூடத்தில் கேட்டது. சின்னவள் மணியை விரலில் பிடித்தபடி காதுகொடுத்தாள்.

"அத்தை, அவங்க இன்னும் முடிக்கல" என்று அண்ணன் மகள் முழங்கையால் இடித்தாள்.

"இரு. வரட்டும்."

அடுத்த மணி. மறுபடியும் வீட்டார் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். சிறுமி இந்த முறை ஆமெனை முழுதாகச் சொல்லிவிடவில்லை. வாயை 'ஆ'வென்று திறந்து வைத்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருந்தாள்.