பேக்கரி முனைக்கு வந்துட்டேன்

கப்பல் அதிகாரிக்கான வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி. நட்சத்திரத்தை அளந்து கப்பலின் இடத்தைக் கண்டுபிடிக்க, முதலில் கப்பல் இல்லாத ஓர் இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்கு ‘அஸ்யூம்டு பொசிஷன்’ என்று பெயராம். இல்லாத இடத்தில் நான் எதற்கு இருக்க வேண்டும்? மண்டையில் ஏறவே இல்லை. இரண்டு முறையும் அதுதான் கப்பல் நிற்கும் இடம் என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

இது மூன்றாவது முறை, கடைசி வாய்ப்பு. இந்த லட்சணத்தில் அடையாள அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அதை எடுத்து வரச் சொல்லியிருந்த வீட்டுக்காரருக்குத் தேர்வறை வராந்தாவிலிருந்து மறுபடியும் போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"பேக்கரி முனைக்கு வந்துட்டேன்மா. இதோ, பக்கத்துலதான்."

போனில் அவர் குரலுக்குப் பின்னால் ரயில் தடதடத்தது. தண்டவாளம் எங்கள் தெருவிலிருந்து இங்கு வரைக்கும் ஓடுகிறது. மனுஷன் அதன் ஓரத்தில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அப்போது ஒரு நாய் குரைத்தது. எதிர்வீட்டு நாய்! உலகத்தில் அது இவரைப் பார்த்து மட்டும்தான் குரைக்கும்.

"அந்த நாயையும் பேக்கரிக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"செருப்பு மாட்டிட்டிருக்கேன்மா. நீ டென்ஷன் ஆவேன்னுதான்..."

"முதல்ல கிளம்புங்க!" நான் கத்தியதில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

உள்ளே அதே தேர்வாளர், அதே தூங்குமூஞ்சி. "நான் எந்திரிக்கிறதுக்குள்ள அட்டை வரணும். இல்லன்னா மார்க் கிடையாது. சரி, அஸ்யூம்டு பொசிஷன்னா என்ன?"

"எங்க வீட்டுக்காரர் போன்ல சொல்ற இடம் சார்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். இனி பின்வாங்கி என்ன பிரயோஜனம்?

"பேக்கரியில இருக்கார்னே வச்சுக்குவோம் சார். பேக்கரி வாசல்லயே பஸ் ஸ்டாண்டு, அப்ப பஸ் ஹாரன் காதைப் பிளக்கணும். கேட்டதோ ரயில் சத்தம். கேக்க வேண்டியதுக்கும் கேட்டதுக்கும் உள்ள வித்தியாசத்த வச்சா, தண்டவாளத்து ஓரமா ஒரு கோடு கிடைக்குது. அந்தக் கோட்டுல எங்கயோ இருக்கார். எதிர்வீட்டு நாய் குலைச்சது இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டுற இடம் எங்க வீட்டு வாசல். அதுதான் ஃபிக்ஸ். நட்சத்திரமும் அப்படித்தான். நாம வச்சுக்கிட்ட இடத்துல அது எவ்வளவு உயரத்துல தெரியணும், நிஜமா எவ்வளவு உயரத்துல தெரியுதுன்னு பாத்துக் கோடு போடுறோம்."

சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது. அடக் கடவுளே, இவ்வளவுதானா!

"இப்ப அவர் எங்க?" என்றார்.

"கடைசி ஃபிக்ஸ் வீட்டு வாசல். அவர் ஸ்கூட்டர் வேகத்துக்கும் ஆன நேரத்துக்கும் கணக்குப் போட்டா, பாதி வழியில இருக்கற பெட்ரோல் பங்க்கைத் தாண்டியிருக்க மாட்டார். அது டெட் ரெக்கனிங்."

"நிச்சயமா?"

அடித்துச் சொல்ல நாக்குத் துடித்தது. அவர் கோப்பை மூடி, நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இல்ல சார். அது வெறும் கணக்குதான். கண்ணால பாத்தாதான் நிச்சயம்."

"அப்ப போய்ப் பாருங்க."

கதவைத் திறந்தேன். வாசல் பெஞ்சில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, கையில் அட்டையோடு உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர்.

"ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகல. ஆட்டோ பிடிச்சு குறுக்கு வழியில அப்பவே வந்துட்டேன். பியூன்தான் உள்ள விடல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தேர்வாளர் அட்டையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், பாஸ் போட்டார்.

எதிரே டீக்கடையில் முதல் வாய் குடிப்பதற்குள் மாமியாரிடமிருந்து போன்.

"பாஸா? ரொம்ப சந்தோஷம்டி! சாப்பாடு ஆறுது, எங்க இருக்கீங்க?"

"நம்ம தெருமுனைக்கு வந்துட்டோம் அத்தை. இதோ."

வீட்டுக்காரர் என்னையே முறைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் அத்தை வாசல் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"தெருமுனைக்கு வந்தாச்சுன்னா," என்றார் அத்தை, "எதிர்வீட்டு நாய் ஏன்டி இன்னும் குலைக்கல?"